யானைமலை நரசிங்கரும் இரண்டு யானைகளும்

மதுரையிலிருந்து மேலூர் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒத்தக்கடை வந்ததும் அப்பத்தா என் தலையைத் திருப்பி, "அந்தா பாரு, யானை படுத்திருக்கு" என்பார். அம்பு பட்டுச் சாய்ந்த யானையாம். அந்த மலையடியில் இருக்கிற நரசிங்கம் கோயிலுக்கு போன சனிக்கிழமைதான் நிதானமாகப் போய் வந்தேன்.

கதை திருவிளையாடலில் இருக்கிறது. பாண்டியனை அழிக்க, சோழன் ஏவலில் சமணர்கள் வேள்வி செய்து ஒரு யானையைக் கிளப்பி மதுரைக்கு அனுப்ப, சொக்கநாதர் வேடனாக வந்து நரசிங்க அம்பை எய்தாராம். யானை மலையாகிவிட்டது, அம்பு அங்கேயே நரசிங்கராக நின்றுவிட்டது. சிவன் விட்ட அம்பு பெருமாள்! எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. நாகமலைக்கும் பசுமலைக்கும்கூட இதே மாதிரி கதை உண்டு.

உள்ளே யோக நரசிங்கர் பாறையிலேயே உட்கார்ந்திருக்கிறார். கருவறையைச் சுற்றி வர வழியில்லை, மலையைத்தான் சுற்ற வேண்டும். துளசி வாசனையும் குடவரைக்கே உரிய அந்தக் குளிர்ச்சியும் சேர்ந்து வெளியே வர மனசே இல்லை. 770-இல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி குடைந்த கோயில் இது. பழைய தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்தில் கல்வெட்டு இருக்கிறது. பாவம், நீர்த்தெளிக்கும் முன்பே, அதாவது குடமுழுக்குக்கு முன்பே, அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன்தான் முகமண்டபம் கட்டி முடித்து நீர்த்தெளித்திருக்கிறார்.

இன்னொரு விஷயம். மாசியில் திருமோகூர் காளமேகப் பெருமாள் இங்கே எழுந்தருள, கோயில் எதிரில் இருக்கும் குளத்தில் கஜேந்திர மோட்சம் நடக்கும். ஒரு யானையை அம்பால் சாய்த்த இடத்திலேயே இன்னொரு யானையை முதலையிடமிருந்து மீட்கிறார்கள். இதை அப்பத்தா ஏன் சொல்லவில்லை என்று படித்துறையில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன்.

அப்புறம் மலை மேலே ஏறினால், யானையை ஏவியதாகக் கதை சொல்கிற அதே சமணர்கள் படுக்கப் பாறையில் செதுக்கிய கற்படுக்கைகள். பக்கத்தில் தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் ஒரு கல்வெட்டு, பாறையில் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களின் உருவங்கள், சிலவற்றில் பழைய வண்ணம்கூட ஒட்டிக்கொண்டிருக்கிறது. சம்பந்தர் "ஆனைமாமலை ஆதியாய இடங்களில்" என்று இவர்களைச் சாடிப் பாடியிருக்கிறார். படுக்கை மேல் கை வைத்துப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. யானை முதுகில் இவ்வளவு காலம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள்.

இறங்கும்போது நல்ல வெயில். திரும்பி பஸ் ஏறியதும் தலை தானாகவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.