இரண்டு மூலைகளைத் தொடாமல் ஓர் இன்டர்சேஞ்ச்

வட கரோலைனாவில், ராலே பக்கம், சாலை வடிவமைத்துக் கொடுக்கும் ஒரு கன்சல்டிங் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நூஸ் ஆற்றுப் படுகையில், புதிதாக வரும் புறவழி ஃப்ரீவே ஒன்று பழைய உள்ளூர்ச் சாலை ஒன்றை வெட்டிக்கொண்டு போகும் இடத்தில் இன்டர்சேஞ்ச், அதாவது ஒரு சாலையிலிருந்து மற்றதுக்கு வண்டிகள் ஏறி இறங்கும் சந்திப்பு, வேண்டும் என்று வேலை வந்தது. சிக்கல் என்னவென்றால், அந்த உள்ளூர்ச் சாலைக்கு வடக்கே, சாலையோடு கூடவே ஓர் ஓடை போகிறது. ஓடையின் இரு பக்கமும் ஈரநிலம். பெர்மிட் கைக்கு வந்த பிறகு, ஊரிலிருந்து வந்து இதே துறையில் புதிதாகச் சேர்ந்த சிலர் இதைப் பற்றிக் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் சட்டம், சுருக்கமாக. ஈரநிலத்திலோ ஓடையிலோ மண் கொட்ட வேண்டுமென்றால், 1972 தூய நீர்ச் சட்டத்தின் 404-வது பிரிவின்படி ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும். அந்தப் படையை இங்கே எல்லோரும் சுருக்கமாக ‘கோர்’ என்பார்கள். தவிர்க்க முடியுமா, முடியாவிட்டால் குறைக்க முடியுமா, அதற்கும் பிறகு மிஞ்சுவதற்கு என்ன ஈடு என்ற வரிசையில்தான் பேச்சு நடக்கும். சாலை போன்ற, தண்ணீருக்குள் இருந்தே தீர வேண்டிய அவசியமில்லாத வேலை ஈரநிலத்துக்குள் வந்தால், வேறு நல்ல வழி இருக்கும் என்றே விதி எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்ட வேண்டியது நம் பாடு. நான் இந்தியாவில் பார்த்த வேலைகளில் அனுமதி என்பது பிளான் முடிந்த பிறகு வாங்கும் காகிதம். இங்கே பிளானையே அது வரைகிறது.

இந்த மாநிலத்தில் அதற்கு ‘மெர்ஜர்’ என்று ஒரு நடைமுறை உண்டு. நெடுஞ்சாலைத் துறை, கோர், மாநில நீர்வளப் பிரிவு, வனவிலங்குத் துறைகள் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். கட்டங்களுக்கு கன்கரன்ஸ் பாயின்ட் என்று பெயர். 1-இல் இந்தச் சாலை ஏன் வேண்டும், 2-இல் எந்தெந்த மாற்று வழிகளை ஆராய்வது, 2ஏ-வில் எங்கே பாலம் எங்கே கல்வெர்ட் (சாலைக்கு அடியில் நீர் போகும் குழாய் அல்லது பெட்டி), 3-இல் எந்த மாற்று, 4ஏ-வில் அதற்குள் இன்னும் என்ன குறைக்கலாம், 4பி, 4சி-யில் வடிகால் வரைபடமும் பெர்மிட் வரைபடமும். ஒரு கட்டத்தில் கையெழுத்தானதைப் புதுத் தகவல் எதுவும் இல்லாமல் பிறகு கிளற முடியாது. அதனால் 2ஏ-வில் தூங்கிவிட்டு 4ஏ-வில் விழித்துப் பயனில்லை. என் அனுபவத்தில் ஈரநிலத்தைக் காப்பாற்றும் லாபத்தின் பெரும்பகுதி 2ஏ-வுக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. 4ஏ-வில் கிடைப்பதெல்லாம் சில்லறை.

கோடு போடும் முன் களத்துக்குப் போனோம். ஈரநிலம் என்று சொல்ல மூன்று சாட்சி வேண்டும்: தண்ணீரைத் தாங்கும் செடிகள், நீர் தேங்கியதன் அடையாளம், அதற்கேற்ற மண். எங்கள் உயிரியலாளர் கைத்துளைப்பானால் மண்ணைத் துளைத்து எடுத்து, மண்ணின் நிறத்தை ஒப்பிடும் மன்செல் நிற அட்டைப் புத்தகத்தின் ஓட்டைக்குப் பின்னால் பிடித்துக் காட்டினார். சாம்பல் நிற மண்ணில், வேர் போன தடம் நெடுக ஆரஞ்சுக் கோடுகள். பத்தடி தள்ளித் துளைத்தால் சாதாரணப் பழுப்புக் களிமண். இந்த இரண்டு குழிகளுக்கு நடுவே எங்கோதான் எல்லை. அங்கே நாடா கட்டி, ஜிபிஎஸ்ஸில் புள்ளி எடுப்பார்கள். அந்த நாடா இரண்டடி இப்படி அப்படி நகர்ந்தால் என் ராம்ப் (இரு சாலைகளையும் இணைக்கும் ஏறு இறங்கு பாதை) நகர வேண்டும் என்பதால் நானும் ரப்பர் பூட்ஸோடு பின்னாலேயே போனேன். அலுவலகத்தில் உட்கார்ந்து ஃபைல் வரட்டும் என்று இருக்கும் டிசைனர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: போய்ப் பாருங்கள். எந்த நாடா உறுதியானது, எது பேசித் தீர்க்கக்கூடியது என்பது ஃபைலில் தெரியாது.

ஓடைக்கும் மதிப்பெண் உண்டு. மாநிலப் படிவத்தில் 19 வந்தால் குறைந்தபட்சம் பருவ ஓடை, 30 வந்தால் வற்றாத ஓடை. 19-க்குக் கீழே என்றால் மழை பெய்தால் மட்டும் ஓடும் வாய்க்கால். தென்கிழக்கு மூலையில் ஒரு சின்னக் கிளை 19-ஐ ஒட்டியே ஊசலாடியது. அதில் ஓரிடத்தில் எண்ணெய்ப் படலம் போல மினுமினுப்பு. பக்கத்துப் பண்ணை டிராக்டர் எண்ணெய் என்று நான் நினைத்தேன். உயிரியலாளர் ஒரு குச்சியால் தொட்டார். படலம் கண்ணாடித் துண்டுகளாக உடைந்து அப்படியே நின்றது. எண்ணெயாக இருந்தால் மறுபடி ஒன்றுசேர்ந்துவிடும். இது இரும்பைத் தின்னும் பாக்டீரியா, நிலத்தடி நீர் இங்கே ஊறி வருகிறது என்பதற்குச் சாட்சி. படிவத்தில் அதற்கும் மதிப்பெண். அந்தக் கிளை ஓடையாகிவிட்டது. நூஸ் படுகை விதிப்படி அதன் இரு கரையிலும் 50 அடி கரைக்காப்பு (செடிகொடியோடு விட்டுக் காக்க வேண்டிய பட்டை) சேர்ந்துகொண்டது: ஓடையை ஒட்டிய 30 அடி ஒரு மண்டலம், அடுத்த 20 அடி இன்னொன்று.

இனி வடிவம். யாரும் முதலில் வரைவது டைமண்ட் இன்டர்சேஞ்ச்தான். நான்கு மூலைக்கும் ஒரு ராம்ப். வாகன ஓட்டிக்குப் புரியும், செலவு குறைவு. ஆனால் இங்கே வடக்கு ராம்ப்கள் இரண்டும் ஃப்ரீவேயோடு சேர்ந்து ஓடையைத் தாண்ட வேண்டும். ராம்ப், ஃப்ரீவே, ராம்ப் என்று மூன்று மண்கரைகளும் அருகருகே விழுந்தால், நடுவே ஓடைக்கு விடும் துண்டு துண்டான வெளிச்சத்தில் ஒரு பயனும் இல்லை. நூற்றுக்கணக்கான அடி நீளத்துக்கு ஒரே கல்வெர்ட் என்று ஆகிவிடும். மீன் அதற்குள் போகாது என்று வனவிலங்குத் துறைக்காரர் வரைபடத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

குறுக்குச் சாலையை மேலே தூக்கி, ஃப்ரீவேயைத் தரையோடு விட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. ஃப்ரீவேயின் மண்கரை அதில் குறையும், உண்மைதான். ஆனால் தூக்கிய சாலைக்கும் கரை வேண்டுமே. அந்தச் சாலை ஓடைக்கு இணையாகப் போவதால், அதன் வடக்குச் சரிவு நெடுக ஈரநிலத்தைத் தின்னும். குறுக்கே ஓர் இடத்தில் தாண்டுவது ஒரு வகைச் சேதம்; கூடவே படுத்துக்கொள்வது வேறு வகை. இரண்டாவதற்குத்தான் எப்போதும் அதிகம் பறிபோகும். ஃப்ரீவேயே மேலே போகட்டும் என்று முடிவானது.

கடைசியில் நின்றது பாதி க்ளோவர்லீஃப். நான்கு ராம்ப்களையும் சாலைக்குத் தெற்கே இருக்கும் இரண்டு மூலைகளுக்குள் அடக்குவது. தென்மேற்கில் ஒரு லூப்பும் (வட்டமாகச் சுற்றித் திரும்பும் ராம்ப்) ஒரு சாதாரண ராம்ப்பும், தென்கிழக்கிலும் அப்படியே. ரயில் பாதையோ ஆறோ சாலையை ஒட்டி ஓடும் இடங்களில் பொறியாளர்கள் வெகுகாலமாகச் செய்துவருவதுதான். வடக்கு மூலைகள் இரண்டிலும் ராம்ப்பே கிடையாது. ஓடையைத் தாண்டுவது ஃப்ரீவே மட்டும்.

சும்மா கிடைத்துவிடவில்லை. தெற்கு நோக்கி வருபவர் குறுக்குச் சாலையின் மேல் ஏறி இறங்கிய பிறகு லூப்பில் வெளியேற வேண்டும். வடக்கே போகிறவர் லூப்பில் ஏறி, சாலைக்கு மேலே போகும்போதே வேகம் பிடிக்க வேண்டும். ஆக, வேகம் குறைக்கும் லேனும் கூட்டும் லேனும் பாலத்தின் மேலேயே விழுகின்றன. பக்கத்துக்கு 12 அடி பாலம் அகலமானது. அதைவிடப் பெரிய கவலை போக்குவரத்துப் பொறியாளருக்கு. பாலத்தின் முதுகு மறைப்பதால் லூப் கடைசி நேரம்வரை கண்ணுக்குத் தெரியாது. 70 மைல் வேகத்தில் வருகிறவர் 30 மைல் வளைவில் திரும்ப வேண்டும். வெளியேறும் லேனை இன்னும் வடக்கே, முன்னாலேயே தொடங்குங்கள் என்றார். வடக்கே நீட்டினால் அது ஈரநிலத்தின் மேல். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பது எனக்கு அப்போது உவமையாகத் தெரியவில்லை.

பாதுகாப்பில் பேரம் பேசக் கூடாது என்பது என் கட்சி. லேனை நீட்டினோம். பதிலுக்கு, குறுக்குச் சாலையையும் ஓடையையும் தனித்தனியாகத் தாண்டாமல் ஒரே நீளப் பாலமாக இரண்டையும் சேர்த்துத் தாண்டலாம் என்று 2ஏ கூட்டத்தில் முன்வைத்தோம். பாலத்தின் விலை கூடியது. ஆனால் நீட்டிய லேனின் பெரும்பகுதி தூண்களின் மேல் நின்றது. கீழே ஓடை தன் போக்கில் கிடந்தது. சாலைக்கும் ஓடைக்கும் நடுவே குட்டையாக ஒரு மண்கரையை விட்டு, அதன் இரு முனையிலும் எண்ட் பென்ட் (பாலத்தின் முனையைத் தாங்கும் கட்டுமானம்) கட்டும் செலவு மிச்சமானதையும் கணக்கில் சேர்த்தபோது வித்தியாசம் பயந்த அளவுக்கு இல்லை.

அடுத்தது வீடுகள். தெற்கே எல்லாவற்றையும் தள்ளினால் அங்கே இருப்பவர்கள் என்ன ஆவார்கள்? பொதுக்கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, “தவளைக்கு இருக்கிற வக்கீல் எனக்கு இல்லையா?” என்று கேட்டார். அரங்கம் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. கேள்வி நியாயமானது, சட்டமும் நீரை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. செலவு, தொழில்நுட்பம், நடைமுறை எல்லாம் பார்த்து ‘செய்யக்கூடியது’ என்று படும் வழிகளுக்குள்ளேதான் சேதம் குறைந்ததைத் தேட வேண்டும். லூப்பின் ஆரத்தை அந்த 30 மைல் வேகத்துக்கு உரிய குறைந்தபட்ச அளவுவரை, அதாவது சுமார் 230 அடிவரை, சுருக்கினோம். ராம்ப்பை லூப்போடு ஒட்டி இழுத்தோம். சில வீடுகள் தப்பின. எல்லாம் தப்பவில்லை. அந்தப் பெரியவரின் வீடு எந்தப் பக்கம் விழுந்தது என்பதை எழுத எனக்கு உரிமை இல்லை.

4ஏ-வில் சரிவுகளைப் பிடித்தோம். இது எல்லோருக்கும் தெரிந்த வித்தை, ஆனால் கணக்கைப் போட்டால்தான் அதன் எடை தெரியும். 24 அடி உயரக் கரை 3-க்கு 1 சரிவில் (ஓர் அடி உயரத்துக்கு மூன்றடி பரவல்) பக்கத்துக்கு 72 அடி பரவும். 2-க்கு 1 என்றால் 48. இரு பக்கமும் 600 அடி நீளத்துக்கு இதைச் செய்தால் 28,800 சதுர அடி மிச்சமாகும். ஓர் ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் 3-க்கு 1-ஐவிடச் செங்குத்தான சரிவில் வண்டி உருண்டுவிடும், ஆகவே கார்ட்ரெயில் (சாலையோர இரும்புத் தடுப்பு) வேண்டும். கார்ட்ரெயில் நிற்க ஷோல்டரை (லேனுக்கு வெளியே இருக்கும் ஓரப் பட்டை) அகலப்படுத்த வேண்டும். அகலப்படுத்தினால் சேமித்ததில் கொஞ்சம் திரும்பிப் போகும். கரையின் உயரத்தைக் குறைப்பது இதைவிட நல்ல வழி: மேலே ஓர் அடி குறைத்தால், 3-க்கு 1 சரிவில் கீழே பக்கத்துக்கு மூன்றடி குறையும். தாங்குசுவர் வைக்கச் சொல்லியும் கேட்டார்கள். ஓரிடத்தில் மட்டும் வைத்தோம். மற்ற இடங்களில் சுவருக்கு அஸ்திவாரம் போடவே சேற்றைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது.

இதற்கு நடுவே 2023-இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் சாக்கெட் தீர்ப்பு வந்தது. நீரோடைகளோடு தொடர்ச்சியான மேற்பரப்புத் தொடர்பு இருக்கும் ஈரநிலங்களுக்கு மட்டுமே கூட்டரசின் பாதுகாப்பு என்றது. அதே ஆண்டு மாநிலச் சட்டமும் அதன் வழியே போனது. எங்கள் வரைபடத்தில் தனித்துக் கிடந்த ஒரு துண்டு ஈரநிலம் பட்டியலிலிருந்து விழுந்தது. இனி அதன் மேல் ராம்ப்பைப் போடலாமே என்று நிறுவனத்திலேயே ஒருவர் கேட்டார். நான் மறுத்தேன். சட்டம் விட்டுவிட்டாலும் மண் அதே சொதசொத மண்தான். தோண்டி எடுத்து நல்ல மண் நிரப்பும் செலவை எந்தத் தீர்ப்பும் தள்ளுபடி செய்யாது.

தென்கிழக்கு லூப்பின் வயிற்றுக்குள் இன்னொரு துண்டு ஈரநிலம். ஒரு கூடை மண்கூட அதில் விழவில்லை என்பதால் வரைபடத்தில் வெள்ளையாகவே விட்டிருந்தோம். கோர் ஒப்புக்கொள்ளவில்லை. சுற்றிலும் கரை எழும்பினால் அதற்கு வரும் நீர் நின்றுவிடும், சில ஆண்டுகளில் அது ஈரநிலமாக இருக்காது, முழு இழப்பாகவே எழுதுங்கள் என்றார்கள். எழுதினோம். லூப் போடுகிற எவரும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வளைவுக்கு உள்ளே இருப்பது தப்பிப்பதில்லை. கரை ஓரத்தில் வெட்டும் வடிகால் பள்ளமும் இதே வேலையைச் செய்யும். பள்ளத்திலிருந்து எவ்வளவு தூரம்வரை நிலம் வற்றும் என்று தனியாகக் கணக்குப் போட்டு, பள்ளத்தைச் சில இடங்களில் தள்ளி வைத்தோம், சில இடங்களில் ஆழத்தைக் குறைத்தோம்.

கடைசியில் எல்லாம் ஒரு நீண்ட அட்டவணையாகச் சுருங்கும். ஈரநிலத்தில் நிரந்தர மண், தற்காலிக மண், தோண்டல், இயந்திரத்தால் மரம் அழித்தல், கையால் அழித்தல். ஓடையில் நிரந்தரம் எத்தனை அடி, தற்காலிகம் எத்தனை அடி. சரிவின் அடிக்கு வெளியே இயந்திரம் நடமாடும் பட்டையும் இதில் வரும், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாலத்தின் கீழே கையால்தான் வெட்ட வேண்டும் என்று நாங்களே குறிப்பு எழுதினோம்; அட்டவணையில் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு ஏக்கர்கள் நகர்ந்தன. பாலத்தின் மேல் விழும் மழைநீர் நேராக ஓடையில் கொட்டாமல் புல் வாய்க்கால் வழியாகப் பரவி இறங்க ஏற்பாடு. சின்னக் கிளைக்குப் போட்ட கல்வெர்ட்டின் அடியை ஓடைப் படுகைக்கு ஓர் அடி கீழே புதைத்தோம். அப்போதுதான் உள்ளே மணலும் கல்லும் படிந்து இயல்பான தரை உண்டாகும்.

மிஞ்சியதற்கு ஈடு. போவது ஒன்றென்றால் வருவது இரண்டு என்ற விகிதத்தில், அதே படுகைக்குள் வேறிடத்தில் சீரமைக்கும் ஓடை, ஈரநிலங்களின் கிரெடிட், அதாவது அந்தச் சீரமைப்பை அளந்து விற்கும் அலகுகள். பணம் கட்டினால் தீர்ந்தது என்று சிலர் நினைப்பார்கள். ஈடு என்பது வரிசையில் மூன்றாவது. முதல் இரண்டைக் காட்டாமல் அந்தப் பக்கத்தைத் திறக்கவே விடமாட்டார்கள்.

நிபந்தனைகளோடு பெர்மிட் வந்தது. அந்தச் சின்னக் கிளையின் மேல் தென்கிழக்கு ராம்ப் விழுவதைத்தான் கடைசிவரை தவிர்க்க முடியவில்லை. ராம்ப்பைக் கிழக்கே நகர்த்தினால் வீடு, மேற்கே நகர்த்தினால் லூப்பின் ஆரம் வரம்புக்குக் கீழே போகும். இப்போது கான்ட்ராக்டர் ஈரநிலத்தின் ஓரமாக மண் லாரிக்குத் தற்காலிகப் பாதை கேட்கிறார். அது அட்டவணையில் இல்லை, ஆகவே பெர்மிட்டைத் திருத்த வேண்டும். வரும் வாரம் அதற்கான கூட்டம்.