ஒரு பதிவுக்கு 45 ரூபாய்

இலங்கை மலையகத்து ஹட்டனில் மூன்று நாளாக மழை. ஜன்னலோரம் வைத்தால்தான் ரவுட்டருக்கு சிக்னல் கிடைக்கும், அதனால் என் மேசையும் அங்கேதான். இரண்டு சாக்ஸ் போட்டும் கால் விறைக்கிறது. இங்கே உட்கார்ந்துதான் இங்கிலாந்து பேட்டன்ட்களை, அதாவது கண்டுபிடிப்பு உரிமைகளைப் புதுப்பிக்கக் கட்டும் தவணைத் தேதிகளைப் பதிகிறேன்.

இதே வேலையைக் கொழும்பில் ஒரு புலமைச் சொத்துச் சட்ட நிறுவனத்தில் ஆறு வருடம் மாதச் சம்பளத்துக்குச் செய்தவள் நான். பேட்டன்டுக்கு ஆயுள் 20 வருடம். ஆனால் தவணை கட்டாமல் விட்டால் இடையிலேயே போய்விடும். அந்தப் பயத்தை வைத்துத்தான் வக்கீல்கள் இதற்கு நல்ல விலை போட்டார்கள். தேதி பார்த்துப் பணம் கட்ட இவ்வளவா என்று கட்சிக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். இதை மட்டும் மொத்தமாக எடுத்துச் செய்யும் கம்பெனிகள் முன்பே இருந்தன. ஜெர்சி தீவில் பேட்டன்ட் வக்கீல்களே சேர்ந்து 1969இல் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். எங்கள் ஆபீசும் ஒருநாள் வேலையை வெளியே கொடுத்தது. வேலைக்குப் பின்னாலேயே நானும் வெளியே வந்தேன். இப்போது பதிவுக்கு 45 ரூபாய். சோதனையில் ஒரு பிழை அகப்பட்டால் பத்துப் பதிவுக்குக் காசு கிடையாது.

முப்பது வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்த அம்மாவுக்கு இதை விளக்கினேன்.

"அப்ப பேரு போட மாட்டாங்களா? கைக்காசு மாதிரியா?"

பேர் என்றால் எங்கள் பக்கம் ஒரு நாள் சம்பளம். கைக்காசு என்றால் எடுத்த கிலோவுக்கு மட்டும் காசு. அம்மாவின் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர். கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று எடையில் கழிப்பார்கள். பத்துப் பதிவுக் கழிவைச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். "தண்ணிக்கும் சாக்குக்கும் கழிக்கிறது அங்கயும் இருக்கா!"

2025 மார்ச்சில் ஒரு கோப்பு வந்தது. தாக்கல் தேதி 2023 நவம்பர் என்றிருந்தது, விண்ணப்ப எண்ணோ 21 என்று தொடங்கியது. இங்கிலாந்து விண்ணப்ப எண்ணில் முதல் இரண்டு இலக்கம் தாக்கல் செய்த வருடம். யாரோ பேட்டன்ட் வழங்கிய தேதியைத் தாக்கல் தேதிக் கட்டத்தில் அடித்திருக்கிறார்கள். மென்பொருள் அதோடு நாலு வருடம் கூட்டி, முதல் தவணை 2027 நவம்பர் என்று பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது. அங்கத்தைய பதிவேட்டைத் திறந்து பார்த்தால் தாக்கல் 2021 மே. அப்படியானால் 2025 மே 31க்குள் கட்ட வேண்டும். விட்டால் அபராதத்தோடு இன்னும் ஆறு மாதம், அதற்கப்புறம் மீட்டுத் தரச் சொல்லி மனுப் போட்டு அலைய வேண்டியதுதான். இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

நடுவில் கரண்ட் வேறு போனது. போன் டேட்டாவில் மின்னஞ்சல் எழுதி, பதிவேட்டுப் பக்கத்தையும் இணைத்து அனுப்பி முடிக்க நாற்பது நிமிடம். "சரி, திருத்திவிட்டோம்" என்று பதில் வந்தது.

மாதக் கணக்கு ஷீட்டில் அந்த நாற்பது நிமிடத்தைப் போட இடமில்லை. 'இதர' என்று நானே ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் திறந்தபோது அந்த வரியைக் காணவில்லை.