கடிகாரம் இல்லாமல் பூட்டு திறக்காது

நாலு மாதம் அலமாரியில் கிடந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியை நேற்று எடுத்து மாட்டினேன், நேரம் சரியாகவே மாட்டேன் என்றது. அதில் பேட்டரி போட்ட கடிகாரம் கிடையாது, கடைசியாக அணைத்த தேதியிலேயே நின்றுகொண்டிருந்தது. நான் வைத்திருந்தது என்டிஎஸ், அதாவது 2020-இல் ஆர்எஃப்சி 8915 என்ற இணையத் தர ஆவணமாக வந்த, இணையத்தில் ஒரு சர்வரிடமிருந்து நேரத்தைப் பாதுகாப்பாக வாங்கும் முறை. அது முதலில் டிஎல்எஸ் (இணையத் தளங்களின் https-க்குப் பின்னால் இருக்கும் அதே பாதுகாப்பு) வழியாகச் சாவியைப் பேசி முடிக்கும், அதற்குச் சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்கவேண்டும், சான்றிதழோ இடையில் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, என் பெட்டியின் கணக்கில் அது இன்னும் தொடங்கவே இல்லை! நேரம் தெரிய பூட்டைத் திறக்கணும், பூட்டைத் திறக்க நேரம் தெரியணும்.

பெட்டியின் நேரத்தைத் திருத்தும் மென்பொருளான கிரோனியில் nocerttimecheck என்று ஒரு அமைப்பு இருக்கிறது, 1 கொடுத்தால் கடிகாரம் முதல் தடவை திருத்தப்படும்வரை சான்றிதழின் தேதியை மட்டும் பார்க்காது. காலாவதியான சான்றிதழும் உள்ளே வரலாம்தான், ஆனாலும் வீட்டுப் பெட்டிக்கு இது போதும் என்றே நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. என்டிஎஸ் நேரத்தை மறைப்பதே இல்லை, மணி என்ன என்பது ரகசியமா என்ன, நடுவில் யாரும் மாற்றவில்லை என்று முத்திரை மட்டும் குத்துகிறது. கனமான டிஎல்எஸ் வேலை தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அப்புறம் போகிற சின்னப் பொட்டலங்களில் தாமதம் குறைவு. போகிற வழியும் வருகிற வழியும் ஒரே அளவு நேரம் எடுக்கும் என்று நம்பித்தான் என்டிபி (என்டிஎஸ் பாதுகாக்கிற, நேரம் வாங்கும் அடிப்படை முறை) கணக்குப் போடுகிறது, ஒரு பக்கம் மட்டும் 10 மில்லிவினாடி கூடினால் கடிகாரம் 5 மில்லிவினாடி தப்பும்.