தலைக்காயத்தோடு ரத்தமும் போனால்: எந்த டிரிப், எவ்வளவு?

நம்மூரில் கையில் ஏற்றும் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: குளுக்கோஸ். தென்னையில் இருந்து விழுந்தவரோ, களியக்காவிளை சாலையில் பைக்கோடு சாய்ந்தவரோ, கூட வந்தவர்கள் கேட்பது 'ஒரு குளுக்கோஸ் போடுங்க'. தலையில் அடிபட்டவருக்கு அந்தப் பெயருக்குரிய 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸை ஏற்றவே கூடாது. சர்க்கரையை உடல் எரித்துவிடும். மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது மூளைக்குள் இறங்கி வீக்கத்தைக் கூட்டும். (சர்க்கரை அளவு குறைந்திருந்தால் அதைச் சரிசெய்வது வேறு விஷயம்.)

பெரியவர்களுக்குத் தலைக்காயம் மட்டும் இருந்து பிரஷர் விழுவது அபூர்வம். விழுந்தால் ரத்தம் வேறெங்கோ போகிறது: நெஞ்சு, வயிறு, இடுப்பெலும்பு, தொடை. மரத்தில் இருந்து விழுந்தவருக்கு இடுப்பெலும்பைச் சந்தேகப்பட்டே ஆகவேண்டும். பெட்ஷீட்டை மடித்து இறுக்கிக் கட்டுங்கள். வேட்டி கட்டும் இடத்தில் அல்ல, அதற்குக் கீழே, தொடையெலும்பின் மேல்முனை பக்கவாட்டில் தட்டுப்படும் இடத்தில். மண்டைத்தோல் கிழிசலை அலட்சியப்படுத்த வேண்டாம். பஞ்சு வைத்துச் சுற்றிய கட்டுக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். ஆழமாக நான்கு தையல் போட்டால் நிற்கும்.

ரத்தப்போக்கு நிற்கும்வரை மேல் பிரஷரை 80, 90-லேயே விட்டுவைப்பது மற்ற காயங்களுக்குச் சரியாக இருக்கலாம். தலைக்காயத்துக்கு அந்த விதி செல்லாது. அப்போது சராசரி பிரஷர் (மேல், கீழ் பிரஷர்களுக்கு இடைப்பட்டது) 60, மண்டைக்குள் அழுத்தம் 25 என்றால் மூளைக்கு ரத்தத்தைத் தள்ள மிஞ்சுவது 35 மட்டுமே. தேவை 60 முதல் 70 வரை. ஆகவே மேல் பிரஷர் 110-க்குக் குறையாமல் பார்க்க வேண்டும். 50 முதல் 69 வயதுவரை 100 போதும்.

இரண்டு கையிலும் பச்சை 18 அல்லது சாம்பல் 16 வென்ஃப்ளான் (டிரிப் ஏற்றும் ஊசிக்குழாய்; எண் குறையக் குறையக் குழாய் பெரிது). பிங்க் 20-ஐ விட 16-இல் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாக ஓடும். நார்மல் சலைன் (0.9 சதவீத உப்புநீர்) 250 மில்லி விட்டு, பிரஷர் பார்த்து, மறுபடி 250. ரிங்கர் லாக்டேட் கொஞ்சம் நீர்த்தது, இங்கே அது இரண்டாம் தேர்வு. தலைக்காயத்துக்கு ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம், டிரிப்பாகவும் ஏற்றுவார்கள்) வேண்டாம். 2007-இல் வெளியான ஆய்வில் சலைனை விட அதில் இறப்பு அதிகம். ஒரு லிட்டர் போயும் பிரஷர் ஏறவில்லையா, இன்னொரு பாட்டிலைத் தொங்கவிடாதீர்கள். அது ரத்தத்தை நீர்க்கச்செய்து, குளிரவைத்து, உறையவிடாமல் ஆக்கும். அப்போது தேவை ரத்தம்: சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றும் சமமாக. ரத்தம் உறையாமல் இருக்கப் பையில் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைப்பதால் கால்சியமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், 10 நிமிடத்தில். பிறகு 1 கிராம், 8 மணி நேரத்தில். அடிபட்டு 3 மணி நேரம் தாண்டினால் தொடங்கக்கூடாது. கண்மணி ஒன்று விரிந்ததும் (மண்டைக்குள் அழுத்தம் ஏறுவதன் அடையாளம்) பழக்கத்தில் கை, மூளை வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டாலுக்குப் போகும். பிரஷர் விழுந்தவருக்கு அது சிறுநீராகக் கொட்டி இன்னும் விழவைக்கும். 3 சதவீத சலைன்தான் அங்கே பொருத்தம்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்பும்போது ரெஃபரல் சீட்டில் 'முதலுதவி தரப்பட்டது' என்று மட்டும் எழுதாதீர்கள். மிகக் குறைந்த பிரஷர் எவ்வளவு, எத்தனை மணிக்கு. எந்த டிரிப் எத்தனை மில்லி. டிரானெக்ஸாமிக் போட்ட நேரம். மயக்க மருந்துக்கு முன் இருந்த ஜிசிஎஸ் (நினைவு நிலையை அளக்கும் மதிப்பெண்), கண்மணிகளின் அளவு. அங்கே தியேட்டரில் காத்திருப்பவர்களுக்கு முதலில் வேண்டியது இவைதான்.