கணக்கில் தெரிந்த காசும் கைக்கு வராத காசும்

கனடிய வங்கிக் கணக்கில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று கணக்கின் மொத்த இருப்பு. மற்றது அந்த நேரத்தில் உண்மையாகவே எடுத்துச் செலவிடக்கூடிய இருப்பு. நிரந்தர வேலையும் ஓரளவு சேமிப்பும் உள்ளவருக்கு இவற்றுக்கு இடையிலான வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் புதிதாக வந்து, ஏஜென்சி பிடித்துக்கொடுத்த வேலைக்குப் போய், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிடைக்கும் சம்பளத்தை வாடகைக்கும் போக்குவரத்துக்கும் ஊருக்கு அனுப்புவதற்குமாகப் பங்கிட்டு வாழ்கிறவரின் கணக்கில், என்.எஸ்.எஃப். என்ற மூன்று எழுத்துகளும் அவற்றுக்கு எதிரே ஒரு கழிவும் தோன்றுவது பெரும்பாலும் அந்த வித்தியாசத்தினால்தான். போதிய பணம் இல்லாமல் ஒரு காசோலையோ தானியங்கிக் கழிவோ திரும்பிப்போனால் வங்கி அறவிடும் தண்டம் அது. கனடாவின் பெரிய வங்கிகளில் அது நெடுங்காலம் 45 முதல் 48 டொலர் வரை இருந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் இருந்தவை எல்லாம் சேமிப்புக் கணக்குகள். புத்தகத்தில் உள்ளதைவிடக் கூடுதலான தொகையை எழுதிக்கொடுத்தால் காசாளர் படிவத்தைத் திருப்பி நீட்டுவார். அதோடு காரியம் முடிந்துவிடும். காசோலைப் புத்தகம் கடை வைத்திருப்பவர்களுக்கு உரியது. அவர்களிடையே காசோலை திரும்புவது மானப் பிரச்சினை. சில வேளைகளில் பொலிஸ் வரைக்கும் போகும் சங்கதி. ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தபோது, களஞ்சியத்தில் பெட்டி தூக்கப்போகும் எனக்கும் கணக்குத் திறந்த அன்றே காசோலைகள் தரப்பட்டன, ஏனென்றால் நிலக்கீழ் வீட்டை வாடகைக்குத் தந்தவர் ஆண்டு முழுவதற்குமான காசோலைகளை, வரப்போகும் ஒவ்வொரு மாதத்தின் திகதியையும் இட்டு, முன்கூட்டியே கேட்டிருந்தார். ஒன்ராறியோ மாகாணத்தின் வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரர் அவற்றைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது உண்மை. ஆனால் வேலைக் கடிதமோ கடன் வரலாறோ இல்லாமல் வீடு தேடுகிறவர் அந்தச் சட்டத்தை எடுத்துப் பேசினால் சாவி கிடைக்காது என்பதும் உண்மை.

2013ஆம் ஆண்டில் ஒன்ராறியோவின் அடிப்படை ஊதியம் மணிக்கு 10.25 டொலர். ஏஜென்சி எனக்குச் சம்பளத்தைக் காசோலையாகவே தந்தது. ஒரு வியாழக்கிழமை 720 டொலர் காசோலையை வங்கிக்குக் கொண்டுபோய் நேரடியாகக் காசாளரிடம் வைப்பிலிட்டேன். ஏற்கெனவே இருந்த 35 டொலருடன் சேர்த்துப் பற்றுச்சீட்டு 755 என்று காட்டியது. முதலாம் திகதி திங்கட்கிழமை. வாடகை 600 டொலர். கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வங்கி அந்தக் காசோலையை நிறுத்திவைத்திருந்தது. 1,500 டொலருக்கு மேற்படாத காசோலையில் முதல் 100 டொலரை உடனே கொடுத்துவிட்டு, மீதியை நான்கு வங்கி வேலைநாட்கள் வரை வைத்திருக்க விதி இடமளித்தது. சனியும் ஞாயிறும் அந்தக் கணக்கில் சேரா. ஆகவே திங்கட்கிழமை என் வாடகைக் காசோலை வந்து நின்றபோது, வங்கியின் கண்ணில் என்னிடம் இருந்தது 135 டொலர் மட்டுமே. கணக்குத் திறந்து 90 நாட்கள் ஆகாதவர்களுக்கு இந்த நான்கு நாள் வரம்புகூடப் பொருந்தாது. இன்னும் நீண்ட நாட்கள் நிறுத்திவைக்கலாம். நாட்டுக்குப் புதிதாக வந்த எல்லோருடைய கணக்கும் புதிய கணக்குத்தான் என்பதை நினைத்தால், இந்த விலக்கின் பாரம் யார் தலையில் விழுகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு நடந்ததைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாடிக்கையாளரின் எரிச்சல் முதல் தண்டத்தில் அல்ல, அது தன் பின்னால் இழுத்து வரும் வரிசையில்தான் இருக்கிறது. வாடகை திரும்பியதும் வங்கி 45 டொலரைக் கழித்தது. எடுக்கக்கூடிய இருப்பு 90 ஆனது. அடுத்த நாள் தொலைபேசிக்கும் இணையத்துக்குமான 110 டொலர் தானியங்கிக் கழிவு வந்தது. முதல் தண்டம் இல்லாதிருந்தாலாவது 135 டொலரிலிருந்து அது போயிருக்கும். இப்போது அதுவும் திரும்பியது, இன்னொரு 45. நிறுத்திவைத்த சம்பளம் விடுவிக்கப்பட்டதும் வாடகையைக் கொடுத்து முடித்தேன்; மிஞ்சியது 65 டொலர். அடுத்த சம்பளத்துக்கு முன்னரே தொலைபேசி நிறுவனம் அதே 110 டொலரை மறுபடியும் எடுக்க முயன்றது. பணம் போதாமல் திரும்பிய ஒரு கழிவை 30 நாட்களுக்குள் ஒருமுறை மீண்டும் அனுப்ப நாட்டின் கொடுப்பனவு விதிகள் அனுமதிக்கின்றன. மூன்றாவது 45. ஒரு சம்பளக் காசோலை தாமதமாக விடுவிக்கப்பட்டதற்காக வங்கிக்குப் போன 135 டொலர், பெட்டி தூக்கிய கணக்கில் 13 மணி நேரத்துக்கு மேற்பட்ட உழைப்பு. அதுவும் வரி கழிக்கும் முன்னர்.

வீட்டுக்காரருடைய கோபமும் நியாயமானதே. அவரும் ஊர்க்காரர்தான், என் வாடகையை நம்பித் தன் வீட்டுக் கடனுக்கு நாள் குறித்திருந்தவர். திரும்பிய காசோலையை வைப்பிலிட்டதற்காக அவருடைய வங்கி அவரிடமும் ஒரு தொகையை அறவிட்டது. அந்தத் தொகையையும், அதற்கு மேல் நிர்வாகச் செலவாக 20 டொலர் வரையும் வாடகைக்காரரிடம் கேட்க ஒன்ராறியோ விதி இடம் தருகிறது. அவர் வங்கிக்குக் கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொண்டார். நிலக்கீழ் வீட்டில் இருந்தவரும் மேல்மாடியில் இருந்தவரும் ஒரே நிகழ்வுக்காக இரண்டு வங்கிகளுக்குக் கப்பம் கட்டினோம் என்று பின்னாளில் இருவரும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். அன்று சிரிப்பு வரவில்லை.

வங்கிக் கிளையில் என்னை எதிரே இருத்தி வைத்துப் பேசிய அலுவலர் மிகவும் மரியாதையானவர். அவர் தந்த தீர்வு ஓவர்டிராஃப்ட் பாதுகாப்பு. மாதம் ஏறக்குறைய 5 டொலர் கட்டினால், கணக்கில் இல்லாத தொகையை ஒரு வரம்பு வரை வங்கி தானே கொடுத்துவிடும். அப்படி எடுத்த தொகைக்கு ஆண்டுக்கு 21 சதவீதம் அளவில் வட்டி. ஒரு தண்டத்தோடு ஒப்பிட்டால் இது மலிவுதான்; அதை மறுக்கவில்லை. ஆனால் மாதம் 5 டொலர் என்றால் ஆண்டுக்கு 60 டொலர். கணக்கு ஒருமுறையும் மறைப் பெறுமானத்துக்குப் போகாவிட்டாலும் அது போய்க்கொண்டே இருக்கும். நான் உழைத்த சம்பளத்தை வங்கி நிறுத்திவைத்ததனால் உண்டான பள்ளத்தை, அதே வங்கியிடம் வட்டிக்கு வாங்கி நிரப்பும் ஏற்பாட்டுக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தவரின் துணிச்சலை நான் இன்றும் வியக்கிறேன்.

தண்டத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்ததும் உண்மை. அந்த வழியைக் காட்டியவர் எனக்கு முன்பே வந்து குடியேறியிருந்த ஒன்றுவிட்ட அண்ணர். "கேட்டால் ஒண்டைத் திருப்பித் தருவாங்கள், கேக்காட்டி ஒண்டும் இல்லை. கத்தாமல், கணக்குத் திறந்த நாளிலிருந்து ஒழுங்காய் வைச்சிருக்கிறன் எண்டு சொல்லு" என்றார். அப்படியே சொன்னேன். நல்லெண்ண அடிப்படையில், இந்த ஒருமுறை மட்டும் என்ற முன்னுரையோடு ஒரு 45 டொலரைத் திருப்பிக் கணக்கில் போட்டார்கள். மற்ற இரண்டும் விதிப்படி சரியானவை என்றார்கள். ஒரு தண்டத்தை இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்க முடிகிறது என்றால், அது வங்கிக்கு உண்டான செலவை ஈடுசெய்யும் தொகை அல்ல என்பது வெளிப்படை. இரண்டு டொலர் குறைந்தாலும் 2,000 டொலர் குறைந்தாலும் ஒரே தண்டம் என்பதும் அதையே காட்டுகிறது. அதைவிட என்னை உறுத்தியது இது: ஓரளவு ஆங்கிலமும், பகல் நேரத்தில் கிளைக்குப் போக ஓய்வும், சொல்லிக்கொடுக்க ஓர் அண்ணரும் இருந்ததனால் எனக்கு அந்தச் சலுகை கிடைத்தது. என்னோடு இரவு வேலை பார்த்தவர்களில் பலர் மாத அறிக்கையைத் திறந்தே பார்ப்பதில்லை, கழிந்தது கழிந்ததுதான்.

அரசு இந்த விடயத்தில் மெதுவாகவே அசைந்தது. 2022 ஜூன் 30 முதல், கணக்கின் இருப்பு 100 டொலருக்கோ, வாடிக்கையாளர் குறித்துக்கொடுத்த வேறொரு தொகைக்கோ கீழே இறங்கினால் வங்கி மின்னஞ்சல் அல்லது குறுஞ்செய்தி போன்ற வழியில் எச்சரிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பயனுள்ள ஏற்பாடுதான், ஆனால் கணக்கில் போடக் காசு கையில் இல்லாதவருக்கு எச்சரிக்கை மட்டும் போதாது. 2024ஆம் ஆண்டின் சமஷ்டி வரவு செலவுத் திட்டத்தில் இந்தத் தண்டத்துக்கு 10 டொலர் என்ற உச்சவரம்பு அறிவிக்கப்பட்டது. அதற்கான விதிகள் 2026 மார்ச் 12 முதல் நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டன. 10 டொலருக்குக் குறைவாகவே பற்றாக்குறை என்றால் தண்டம் அறவிடக் கூடாது. இரண்டு வேலைநாட்களுக்குள் ஒரு கணக்கில் ஒருமுறைக்கு மேல் அறவிடக் கூடாது. என் பழைய வாரத்தை இந்த விதிகளின் கீழ் வைத்துப் பார்த்தேன்: வாடகை திரும்பியதற்கு 10 டொலர் போகும்; மறுநாள் தொலைபேசிக் கழிவு வரும்போது 125 மிஞ்சியிருக்கும்; அது திரும்பாமலே போயிருக்கும். மூன்று தண்டம் ஒன்றாகியிருக்கும், 135 டொலர் 10 ஆகியிருக்கும்.

இருந்தாலும் இந்த வரம்பு எல்லோரையும் மூடிக் காப்பதில்லை. இது தனிநபர் கணக்குகளுக்கு உரியது. சொந்தப் பெயரில் ஆரம்பித்து வணிகக் கணக்கில் நடத்தும் சிறு துப்புரவுத் தொழிலுக்கோ உணவுக் கடைக்கோ அது உதவாது. கிரெடிட் யூனியன் எனப்படும் கூட்டுறவு நிதி நிறுவனங்களில் பெரும்பாலானவை மாகாணச் சட்டங்களின் கீழ் இயங்குவதால் சமஷ்டி விதி அவற்றைத் தொடாது. ஓவர்டிராஃப்ட் பாதுகாப்பின் மாதக் கட்டணமும் வட்டியும் அப்படியே இருக்கின்றன. தண்டத்தில் வருமானம் குறையும் வங்கிகள் அந்தப் பாதுகாப்பை இன்னும் உற்சாகத்தோடு விற்கும் என்பது என் ஊகம்.

புதிதாக வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு இடமும் உண்டு. குடிவரவாளர்களுக்கென்று வங்கிகள் விளம்பரப்படுத்தும் இலவசக் கணக்கு பல இடங்களில் ஓர் ஆண்டுக்குத்தான் இலவசம். அந்த ஆண்டு முடிந்ததும், குறித்த தொகையை எப்போதும் கணக்கில் வைத்திருக்காவிட்டால் மாதக் கட்டணம் கழியத் தொடங்கும். கணக்கில் ஒட்டுமொத்தமாகப் பத்துப் பதினைந்து டொலர் மிஞ்சும் மாத முடிவில், வங்கியின் சொந்தக் கட்டணமே மறுநாள் வரும் கழிவைத் திருப்பியனுப்பக் காரணமாகலாம். பெரிய வங்கிகள் மாதம் 4 டொலருக்கு மேற்படாத எளிய கணக்கைத் தருவதாக அரசுக்கு ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆனால் அது முன்னால் எடுத்து வைக்கப்படுவதில்லை. பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

முறைப்பாடு செய்ய விரும்புகிறவருக்கும் ஒழுங்கு ஒன்று இருக்கிறது. முதலில் வங்கிக்கே எழுத வேண்டும். பதில் தர வங்கிக்கு 56 நாட்கள் அவகாசம். அந்தப் பதில் திருப்தி தராவிட்டால், அல்லது பதிலே வராவிட்டால், ஓ.பி.எஸ்.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் குறைகேள் அமைப்புக்கு இலவசமாகப் போகலாம். 2024 நவம்பர் 1 முதல் எல்லா வங்கிகளுக்கும் அந்த ஒரே அமைப்புத்தான். தண்டத்தின் அளவு கூடுதல் என்று அங்கே வாதாடுவதில் பயன் இல்லை. வங்கி தன் சொந்த விதியை மீறியது, நிறுத்திவைத்த நாட்கள் வரம்பைத் தாண்டின, ஒப்புதல் இல்லாமல் பாதுகாப்பைச் சேர்த்துவிட்டது என்று திகதிகளோடு காட்ட முடிந்தால் பேச இடம் உண்டு.

என் வீட்டில் இப்போது சம்பளம் நேரடி வைப்பாகவே வருகிறது. அதில் நிறுத்திவைப்பு இல்லை. காசோலையாகத்தான் தருவோம் என்று சொல்லும் ஏஜென்சியிடம் வேலைக்குப் போகும் முன்னரே இதைக் கேட்டுக்கொள்ளும்படி, ஊரிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறேன். தொலைபேசி, இணையம், வாகனக் காப்புறுதி ஆகியவற்றின் கழிவு நாளை மாற்றித் தருமாறு கேட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் ஒரே அழைப்பில் மாற்றிக்கொடுக்கின்றன. முதலாம் திகதி வாடகைக்கு மட்டும் என்று விட்டுவிட்டு, மற்றவற்றைச் சம்பளத்துக்குப் பிந்திய வெள்ளிக்கிழமையை ஒட்டி வைத்தாயிற்று. வாடகையைக் காசோலை இல்லாமல் மின் பரிமாற்றமாக வாங்கிக்கொள்ள வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் இன்னும் பலருக்கு முடியாமல் இருக்கிறது. அங்கே காசோலை எந்த நாளில் வந்து நிற்கும் என்பதை இன்றைக்கும் அவரே தீர்மானிக்கிறார்.