ஹம்பி வெயிலும் பழைய மினோல்டா ஜூமும்

ஹம்பியில் வெளிச்சம் மணிக்கு மணி குணம் மாறும். அதனால்தான் பழைய ஜூம் லென்ஸ்களை மட்டும் எடுத்துப்போனேன்: மினோல்டா எம்டி 35-70 எஃப் 3.5, கேனான் எஃப்டி 70-210 எஃப் 4 (முதல் எண்கள் மி.மீ.-இல் குவியத்தூரம், எஃப் என்பது துவார அளவு, எண் குறைந்தால் துவாரம் பெரிது). இரண்டையும் அடாப்டர் (பழைய லென்ஸை வேறு கேமராவில் பொருத்தும் இடை வளையம்) வழியாக சோனி ஏ7 II கேமராவில் மாட்டினேன். மினோல்டா சாதாரணமானதல்ல, பேர்போன ஜெர்மன் கேமரா நிறுவனம் லைக்காவுக்கே 35-70 ஜூம் செய்துகொடுத்த கம்பெனி அது.

மாதங்க மலையில் விடிவதற்கு முன்பே ஏறிவிடுங்கள், டார்ச் கட்டாயம். பழைய லென்ஸின் சுபாவம் முழுவதையும் அந்த உச்சியிலேயே பார்த்துவிடலாம். மேற்கே திரும்பினால் விரூபாக்ஷர் கோபுரத்தில் வெயில் நேராக விழுகிறது, படம் துல்லியம்தான், ஆனால் கொஞ்சம் தட்டை. வடக்கே, கீழே அச்சுதராயர் கோயில். வெயில் பக்கவாட்டில் வருவதால் ஒவ்வொரு தூணும் தனித்தனியாக எழுந்து நிற்கிறது, நிழல் கன்னங்கரேலென்று இறுகாமல் உள்ளே விவரம் மிச்சமிருக்கிறது, இந்த மென்மைக்காகத்தான் நான் பழைய கண்ணாடியை விடாமல் வைத்திருக்கிறேன். கிழக்கே சூரியனைப் பார்த்துத் திருப்பினாலோ படம் முழுக்க வெள்ளைப் புகை. ஜூமுக்குள் கண்ணாடிகள் அதிகம், ஒளி எதிரொளிப்பதைத் தடுக்கக் கண்ணாடிமேல் போடும் பூச்சும் அந்தக் காலத்தில் இன்றைய அளவுக்கு இல்லை, உள்ளே ஒளி முட்டி மோதிப் படர்ந்துவிடும்.

அடாப்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மினோல்டா கேமராவில் மவுண்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் வாயிலிருந்து) ஃபிலிம் வரை 43.5 மி.மீ., சோனியில் சென்சார் வரை 18 மி.மீ., அப்படியானால் அடாப்டர் சரியாக 25.5 மி.மீ. இருக்க வேண்டும். மலிவானவை பெரும்பாலும் ஒரு மயிரிழை குறைவாகவே வரும். ஜூம் இல்லாத லென்ஸில் ஃபோகஸ் வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் தீர்ந்தது. ஜூமில் அப்படி முடியாது, 70-இல் ஃபோகஸ் வைத்து 35-க்கு இழுத்தால் படம் மசங்கிவிடும். லென்ஸ் மோசம் என்று பலர் விற்றுவிடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன், பாவம் அந்த லென்ஸ்கள். ஜூமை மாற்றியதும் திரையில் பெரிதாக்கிப் பார்த்து மறுபடி ஃபோகஸ் செய்யுங்கள். ஃபோகஸான விளிம்புகளைத் திரையில் வண்ணத்தில் காட்டும் பீக்கிங் கோடுகளை எதிர்வெயிலில் நம்பாதீர்கள்.

விட்டலர் கோயில் முற்றத்தில் உச்சி வெயில். 50 ரூபாய் நோட்டில் இருக்கும் அதே கல் தேர். எஃப் 8-இல் மினோல்டா ஓரம் வரை கூர்மை. கேனானில் முழுத் துவாரம் திறந்து 210-இல் எடுத்தால் வானத்துக்கு எதிரே இலை விளிம்புகளில் ஊதாக் கோடு ஓடுகிறது, துவாரத்தை ஒரு ஸ்டாப் (ஒரு படி) மூடியும் அது முழுதாகப் போகவில்லை.

விரூபாக்ஷர் கோயிலுக்குள் ஓர் இருட்டறை. சுவரில் இருக்கும் சிறு துளை வழியாக ராஜகோபுரத்தின் பிம்பம் எதிர்ச் சுவரில் தலைகீழாக விழுகிறது. லென்ஸே இல்லாத கேமரா! மினோல்டாவில் எஃப் 3.5, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 3200, மூச்சைப் பிடித்து 1/15 நொடி. இங்கே கைகொடுப்பது கேமராவின் நடுக்கம் தடுக்கும் வசதி. ஆனால் பழைய லென்ஸ் தன் குவியத்தூரத்தைக் கேமராவுக்குச் சொல்லாது, மெனுவில் நாமேதான் கொடுக்க வேண்டும். 70 என்று வைத்துவிட்டு 35-இல் எடுத்தால் கேமரா தேவைக்கு மேல் ஈடுசெய்து படத்தைக் கலைத்துவிடும். அந்த மெனுவை ஒரு பட்டனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மாலையில் ஹேமகூட மலை. எல்லாரும் சூரியனை நேராக எடுக்கிறார்கள். பழைய ஜூமோடு போனால் அங்கிருக்கும் சிறு மண்டபங்களில் ஒன்றின் தூணுக்குப் பின்னால் சூரியன் மறைகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். வெள்ளைப் புகை சட்டென்று வடிந்து, கல்லின் விளிம்பில் மட்டும் பொன் நிறம் நிற்கும். தூணிலிருந்து அரை அடி விலகினாலும் புகை திரும்பிவிடும். லென்ஸ் முனையில் வெயில் மறைக்கும் ஹூட் போட்டும் போதவில்லை, இடது கையால் வெயிலை மறைத்துக்கொண்டே எடுத்தேன், இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த படங்கள் அவைதான்.