கண் சிவந்த முதல் நாளிலிருந்து

எழுந்ததும் ஒரு கண்ணில் மட்டும் மண் விழுந்த மாதிரி உறுத்தல். கண்ணாடியில் பார்த்தால் வெள்ளை விழி சிவந்து கிடக்கிறது. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். கை உடனே தேடிப் போவது போன தடவை மிச்சம் வைத்த சொட்டு மருந்தைத்தான். அதைத் தொடாதீர்கள்.

முதலில் கண்ணிலிருந்து என்ன வருகிறது என்று பாருங்கள். தண்ணீராக வடிகிறது, இரண்டு மூன்று நாளில் மற்றக் கண்ணும் சிவக்கிறது, காதுக்கு முன்னால் நெறி கட்டித் தொட்டால் வலிக்கிறது, கூடவே தொண்டைவலியோ சளியோ இருக்கிறது என்றால் வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெரியவர்களுக்கு வருவதில் பெரும்பங்கு அடினோவைரஸ். மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிப் பீளை, துடைத்த சற்று நேரத்தில் திரும்பவும் சேர்கிறது என்றால் பாக்டீரியா. இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் அரிக்கிறது, பீளை நூல் போல இழுபடுகிறது, தும்மலும் இருக்கிறது என்றால் ஒவ்வாமை. இது யாருக்கும் ஒட்டாது. அரிப்பே இல்லாத கண்ணை ஒவ்வாமை என்று சொல்ல நான் தயங்குவேன்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. காலையில் இமை ஒட்டிக்கொண்டிருந்தால் பாக்டீரியா என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரவு முழுக்கக் கசிந்த நீர் காய்ந்தாலும் இமை ஒட்டத்தான் செய்யும். பகலில் பீளை எப்படி வருகிறது என்பதுதான் கணக்கு.

வைரஸ் என்றால் முதல் மூன்று முதல் ஐந்து நாள் நோய் ஏறுமுகம்தான். மூன்றாம் நாள் இமை வீங்கி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும்போது மருந்து சரியில்லை என்று மாற்றத் தொடங்குவார்கள். மருந்தின் மேல் குற்றமில்லை. நோயின் போக்கே அதுதான். ஒன்றிரண்டு வாரத்தில், சிலருக்கு மூன்று வாரத்தில், தானாக இறங்கும். ஆன்டிபயாடிக் சொட்டு வைரஸை ஒன்றும் செய்யாது. குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய கண்மேல் ஐந்து, பத்து நிமிடம் வைப்பதும், செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விடுவதும் இதம் தரும். ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால் கெடாமல் காக்கும் ரசாயனம் (preservative) சேர்க்காத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பீளையைத் துடைப்பதிலும் முறை இருக்கிறது. காய்ச்சி ஆறவைத்த நீரில் பஞ்சை நனைத்து, காய்ந்த பீளை ஊறும்வரை இமைமேல் வைத்திருங்கள். பிறகு மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சைப் போட்டுவிட்டு அடுத்த இழுப்புக்குப் புதுப்பஞ்சு. ஒரு கண்ணைத் துடைத்தது மற்றக் கண்ணுக்குப் போகக் கூடாது. உலர்ந்த பீளையை நகத்தால் உரித்தால் இமைமுடியும் சேர்ந்து வரும்.

சொட்டு விடும்போது தலையை அண்ணாந்து, கீழிமையை விரலால் இழுத்தால் சின்னப் பை மாதிரி பள்ளம் தெரியும். அதில் ஒரு சொட்டு விட்டால் போதும். அந்தப் பள்ளம் தாங்குவதே ஏறத்தாழ அவ்வளவுதான், இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். விட்டதும் கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்கும். இரண்டு மருந்து இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். குப்பியின் முனை இமையில் பட்டால் கிருமி உள்ளே போய்விடும். திறந்து நான்கு வாரம் ஆனதைப் பொதுவாகத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

மிச்ச மருந்தைத் தொடாதீர்கள் என்றதற்கு முக்கியக் காரணம், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்பதுதான். விட்ட மறுநாளே கண் வெளுத்துவிடும், ஆளும் நம்பிவிடுவார். ஆனால் சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால் கருவிழியில் புண் பரவும், அடினோவைரஸாக இருந்தால் கிருமி கண்ணை விட்டுப் போக நாளாகும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வளரும். ஸ்டீராய்டுக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. சிவப்பு போன பிறகு சிலருக்குக் கருவிழியில் சின்ன வெள்ளைப் புள்ளிகள் விழுந்து, பார்வை மங்கி, விளக்கொளி சிதறித் தெரியும். அப்போது கண் மருத்துவர் கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்.

பாதித்தவரின் கண்ணைப் பார்த்தால் ஒட்டாது. கண்ணைத் தொட்ட கை, துண்டு, தலையணை உறை, கைப்பேசி வழியாகத்தான் ஒட்டும். கறுப்புக் கண்ணாடி கூச்சத்துக்கு உதவும், கை கண்ணுக்குப் போவதையும் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவே. சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள், அடினோவைரஸ் அதற்கு எளிதில் மசியாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். நீர் வடிவதும் சிவப்பும் இருக்கும்வரை, பொதுவாகப் பத்துப் பதினான்கு நாள், துண்டும் தலையணையும் தனி. மெட்ராஸ் ஐ-யிலேயே வெள்ளை விழியில் ரத்தம் கசியும் வகை ஒன்று உண்டு. 1969-இல் கானாவில் தொடங்கிய அது இன்னும் வேகமானது. ஒட்டிய ஓரிரு நாளிலேயே கண்ணில் தெரியும். நிலவுப் பயண ஆண்டு என்பதால் அதற்கு அப்பல்லோ நோய் என்றே பெயர் வந்துவிட்டது.

கண் சிவந்தால் எல்லாமே மெட்ராஸ் ஐ ஆகிவிடாது. உறுத்தலைத் தாண்டிய வலி, கண் சிமிட்டியும் தெளியாத மங்கல், வெளிச்சத்தைத் தாங்கவே முடியாத கூச்சம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாகவோ சிறிதாகவோ இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. தலைவலியும் வாந்தியும் சேர்ந்து விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் திடீர் கண் அழுத்த நோயாக இருக்கலாம். அதில் ஒவ்வொரு மணி நேரமும் பார்வை நரம்பு கெடும்.

சில நேரம் கண் உடம்புக்காகப் பேசும். குழந்தைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல், பீளையில்லாத சிவப்பு, வெடித்த உதடு, உடம்பில் தடிப்பு என்றால் கவாசாகி நோயா என்று பார்க்க வேண்டும், அது இதய ரத்தக் குழாயைப் பாதிக்கும். தட்டம்மையிலும் கண் சிவந்து நீர் வடியும். பெரியவருக்கு மூட்டு வீக்கமும் சிறுநீர் எரிச்சலும் சேர்ந்தால் கண்ணுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் பயனில்லை. பிறந்து நான்கு வாரத்துக்குள் சிசுவின் கண்ணில் சீழ் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. பிரசவத்தில் தாயிடமிருந்து ஒட்டும் பால்வினை நோய்க் கிருமிகள் இதற்குக் காரணமாக இருக்கலாம். அதில் கொனோரியா கிருமி கருவிழியையே ஓட்டையாக்கிவிடும். கிளமிடியாவாக இருந்தால் நுரையீரலுக்கும் போகலாம் என்பதால் சொட்டு போதாது, வாய்வழி மருந்தும் வேண்டும்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவருக்குக் கண் சிவந்தால் அதைக் கருவிழிப் புண் என்று எடுத்துக்கொண்டே பரிசோதனைக்குப் போங்கள். லென்ஸைக் கழற்றிவிடுங்கள், ஆனால் உடனே எறிந்துவிடாதீர்கள். அதையும் அதன் டப்பாவையும் மருத்துவரிடம் கொண்டுபோனால் கிருமி எது என்று சோதனைக்கு அனுப்ப உதவும்.